சுனைக்கல்லைத் தேய்த்த தவளை

காட்டுக்கு நடுவே ஒரு பெரிய பாறை. அந்தப் பாறையின் குழியில் ஒரு சுனை. சுனைக்குள் பாதி நீரிலும் பாதி வெயிலிலுமாக ஒரு தட்டைக் கல் கிடந்தது. அந்தக் கல்தான் வேலம்மைத் தவளையின் வீடு.

வேலம்மை நல்லவள். காலையில் எழுந்ததும் கிழக்கே பார்த்துக் கண்ணை மூடி, "சாமி, எல்லாரையும் நல்லா வை" என்று சொல்வாள். அதன்பிறகுதான் முதல் கொசுவைப் பிடிப்பாள். அவள் புருஷன் பாட்டுக்காரன். எங்கே மழை பெய்தாலும் பாடப் போய்விடுவான். வீட்டுப் பொறுப்பு முழுக்க அவள் தலையில்தான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. அந்தக் கல் வழுவழுவென்று இருந்தது. பச்சையும் பழுப்புமாகப் பாசி படிந்து, கால் வைத்தால் சறுக்கியது. ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த மான் ஒன்று அதில் சறுக்கி விழுந்தது. "என்ன வீடு இது, சளி பூசின மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனது. மான் அன்றைக்கே அதை மறந்திருக்கும். வேலம்மையால் மறக்க முடியவில்லை.

அந்த வழுவழுப்பு சும்மா வந்ததல்ல. அதற்குள் ஆட்கள் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடிசுகள். எண்ணி முடியாத கூட்டம். முன்பு தண்ணீரில் தனித்தனியாக அலைந்தவர்கள் கல்லைக் கண்டதும் ஒட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் உடம்பிலிருந்தே கொஞ்சம் பசை சுரந்து, எல்லாருக்குமாக ஒரு வீடு கட்டினார்கள். மேலே இருந்தவர்கள் வெயிலை வாங்கிச் சமைத்தார்கள். அவர்கள் சிந்தியதை நடுவில் இருந்தவர்கள் தின்றார்கள். நடுவில் இருந்தவர்கள் கழித்தது அடியில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு. அடியில் இருந்தவர்கள் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாரையும் தாங்கினார்கள். தண்ணீர் வந்து போக இடையிடையே சின்னச் சின்னச் சந்துகள்கூட விட்டிருந்தார்கள். வெளியே வெயில் எப்படிச் சுட்டாலும் உள்ளே ஈரம் காயாது.

அவர்களிடம் இன்னொரு விசேஷம் உண்டு. ஒருவர் இருவர் பேசினால் வெளியே யாருக்கும் கேட்காது. கூட்டம் நிறைந்து, எல்லாரும் ஒன்றாகச் சொன்னால்தான் அது குரலாகும்.

அந்த மழைக்காலத்தில் வேலம்மை முட்டையிட்டாள். சுனையின் ஓரத்தில், கண்ணாடி போன்ற கூழுக்குள் கருப்புக் கருப்பாக முட்டைகள். அவள் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். அப்போதுதான் தட்டான் ஒன்று பறந்துவந்து சேதி சொன்னது. மேட்டு மருதமரத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் பச்சைநாயகி மறுநாள் பிள்ளை பார்க்க வருகிறாளாம்.

வேலம்மை உடனே கல்லைத் திரும்பிப் பார்த்தாள். மரத்துக்காரி. இப்போது இலை மேலே உட்கார்ந்து பழகிவிட்டவள். தூசி விழுந்தாலும் அங்கே மழை கழுவிவிடும். அவள் வந்து இந்தக் கல்லில் கால் வைத்தால் என்ன நினைப்பாள்? அண்ணி வீட்டைப் போட்டு வைத்திருக்கிற லட்சணத்தைப் பார் என்று மரம் முழுக்கச் சொல்ல மாட்டாளா?

அவள் நண்டு இடுக்கனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கவலையை விடுங்கக்கா" என்றான் இடுக்கன். "கண்ணாடியாக்கித் தர்றேன். உங்க நாத்தனார் குனிஞ்சா அவங்க மூஞ்சியே அதுல தெரியும். எனக்கு வேற எதுவும் வேண்டாம். வேலை முடிஞ்சதும் நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவன் காய்ந்து விழுந்திருந்த காட்டுப் பீர்க்கங்கூடு ஒன்றை இடுக்கியில் பிடித்துக்கொண்டான். மணலைத் தொட்டுக்கொண்டு கல்லில் ஏறினான்.

அப்போது கல் பேசியது.

"வேலம்மை அம்மா, தேய்க்க வேண்டாம். நாங்க இங்கே குடியிருக்கோம்."

வேலம்மை திடுக்கிட்டாள். ஆனால் கோபப்படவில்லை. நாளைக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றும், பார்க்க நன்றாக இல்லை என்றும், வேறே கல் பார்த்துக்கொள்ளும்படியும் தன்மையாகவே சொன்னாள்.

"உங்க முட்டையைச் சுத்தியும் இதே வழுவழுப்புத்தானே இருக்கு, அம்மா? அது மட்டும் அழகா?"

பதில் இல்லாததால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "அதுவும் இதுவும் ஒண்ணா? நீ தேய், இடுக்கா" என்றாள்.

இடுக்கன் தேய்த்தான். கால்வாசிக் கல் வெளுத்தபோது குரல் தேய்ந்தது. பாதிக் கல் வெளுத்தபோது அது முணுமுணுப்பானது. பிறகு கறக் கறக்கென்ற சத்தம் மட்டும்தான் கேட்டது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பக்கத்தில் குடியிருந்த நத்தை சுருளியின் முதுகிலும் அதே பாசி. ஓடே தெரியாத அளவுக்குப் படிந்திருந்தது. வேலம்மை அவளிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சுருளி, தப்பா நெனைக்காதே. நாளைக்கு ஒருநாள் மட்டும் அந்தப் பொந்துல இருந்துக்கோ. நாத்தனார் போனதும் நானே வந்து கூப்பிடுறேன்."

சுருளி எதற்கும் நேரமெடுப்பவள். வேலம்மையின் முகத்தைப் பார்த்தாள். தேய்த்த கல்லைப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து, "சரி" என்றாள். பொந்தைப் போய்ச் சேர அவளுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள் பச்சைநாயகி வந்தாள். கையில் இலையில் மடித்த எறும்பு முட்டைப் பொட்டலம். வந்ததும் வராததுமாக முட்டைகளின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். உள்ளே வால் முளைத்துப் பிள்ளைகள் நெளிவதைப் பார்த்து, "இது அப்படியே எங்கண்ணன் மூக்கு" என்று சிரித்தாள். தவளைக் குஞ்சுக்கு எங்கே மூக்கு இருக்கிறது? ஆனாலும் வேலம்மைக்கு மனம் குளிர்ந்தது.

பிறகு பச்சைநாயகி ஆசையோடு கல்லில் தாவினாள். காலை இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள்.

"என்ன அண்ணி, கல்லு இப்படிக் காஞ்சு கிடக்கு? நான் வழியெல்லாம் இதுல வந்து சறுக்கணும்னு நெனைச்சுக்கிட்டே வந்தேன். சின்னதுல இங்கே சறுக்கி விழுந்துதானே நான் தாவவே கத்துக்கிட்டேன்."

சொல்லிச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"பாசியெல்லாம் எங்கே? பிள்ளைங்க வெளியே வந்தா எதைச் சுரண்டித் திங்கும்? எனக்குப் பின்னாடி பொறந்த தம்பிமாரு வாலோட இருந்தப்போ இந்தக் கல்லை விட்டு நகர மாட்டானுங்களே."

வேலம்மை முட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். வாலோடு இருந்த காலம் எந்தத் தவளைக்கும் நினைவில் நிற்பதில்லை. தான் என்ன தின்று வளர்ந்தோம் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. பிள்ளைகளும் தன்னைப்போலக் கொசு பிடிக்கும் என்றுதான் எண்ணியிருந்தாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நானே தேய்க்கச் சொன்னேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு.

"வெள்ளம் வந்துச்சு. எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடுச்சு."

பச்சைநாயகி அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்படியா" என்றாள். பிறகு முட்டைகளின் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏதாவது ஓரத்துல ஒரு துளி ஒட்டியிருந்தாக்கூடப் போதும் அண்ணி. அதுவே பரவிக்கும்" என்றாள்.

ஒட்டியிருந்தது. கல்லின் நிழல் பக்கம், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வேப்பிலை அளவுக்குப் பாசி தப்பியிருந்தது. வேலம்மை அப்போதுதான் அதைக் கண்டாள். அதே நேரத்தில் இடுக்கனும் கண்டான்.

அவன் கல்லுக்குப் பின்னாலிருந்து மெல்ல எழுந்தான். பச்சைநாயகியின் முதுகு அவன் பக்கம். அவன் இடுக்கியால் அந்தத் திட்டைக் காட்டினான். விட்டுப்போச்சே, எடுத்துவிடவா என்று கண்ணாலேயே கேட்டான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் நாத்தனார் திரும்பிப் பார்ப்பாள். நண்டைப் பார்ப்பாள். அதன் கையில் இருக்கிற பீர்க்கங்கூட்டைப் பார்ப்பாள். வெள்ளம் வரவே இல்லை என்பது தெரிந்துவிடும். மானம் போய்விடும்.

அவன் போய்த்தொலைந்தால் சரி என்று நினைத்து, ஆமாம் என்பதுபோல வேலம்மை தலையை அசைத்தாள். சின்னதாக ஓர் அசைப்பு.

இடுக்கன் சத்தமில்லாமல் தேய்த்துவிட்டான். அந்தத் திட்டில் இருந்த பொடிசுகள் கத்தத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர். யாருக்கும் கேட்கவில்லை.

பச்சைநாயகி போன பிறகு முட்டைகள் வெடித்தன. குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தன. முட்டைக்கூழில் மிச்சம் இருந்ததைத் தின்று தீர்த்தன. பிறகு நேரே கல்லுக்குப் போய் வாயை வைத்தன. கல் வெறும் கல்லாக இருந்தது.

வேலம்மை கொசு பிடித்துக் கொடுத்தாள். அந்தக் குட்டி வாய்க்கு அது பெரிது. நாத்தனார் கொடுத்த எறும்பு முட்டையை மென்று மென்று கொடுத்தாள். அது தண்ணீரில் கரைந்து போனது. குட்டிகள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தன. சில குட்டிகள் சுற்றுவதை நிறுத்திவிட்டு அடியில் போய்ப் படுத்தன. அவை பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலையில் வேலம்மை கிழக்கே பார்த்துக் கண்ணை மூடினாள். "சாமி, எல்லாரையும்" என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. எல்லாரையும் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது பொந்து தெரிந்தது. சுருளியைக் கூப்பிடுகிறேன் என்று சொன்னவள் கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பொந்துக்குள் சுருளி ஓட்டின் வாசலை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். அவள் முதுகில் பாசி அப்படியே பச்சையாக இருந்தது. சுனையிலேயே மிச்சமிருந்த பாசி அது ஒன்றுதான். எதை ஒளித்து வைத்தாளோ, அதையேதான் இப்போது கேட்க வந்திருந்தாள்.

"சுருளி" என்று கூப்பிட்டாள். வாசலருகே உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுதாள்.

வெகுநேரம் கழித்து வாசல் கொஞ்சமாகத் திறந்தது. "என்ன, நாத்தனார் போயிட்டாங்களா?" என்றாள் சுருளி.

அவள் கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை. வேலம்மை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கல் பேசியதைச் சொன்னாள். வெள்ளம் என்று சொன்ன பொய்யைச் சொன்னாள். தலையசைத்ததை மட்டும் சொல்ல முடியாமல் நிறுத்தினாள்.

"அதையும் சொல்லுங்க" என்றாள் சுருளி. "இங்கேருந்து பார்த்தா கல்லு நல்லாத் தெரியும்."

வேலம்மை அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ ஏன் அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லலை? உனக்கும் அந்தப் பாசிதானே சாப்பாடு?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் உறைத்தது. அத்தனை நாளும் சுருளி பட்டினி கிடந்திருக்கிறாள்.

"எப்படிச் சொல்றது? நானே உங்க கல்லைச் சுரண்டித் திங்கிறவ. கேட்டா, திங்கிறதுக்குத்தானே பேசுறேன்னு நெனைச்சுடுவீங்களோன்னு கூச்சமா இருந்துச்சு."

அதற்குமேல் பேச நேரமில்லை. சுருளி கல்வரை நடந்து வந்து சேரும்வரை பிள்ளைகள் தாங்காது. வேலம்மை இடுக்கனைத் தேடிப் போகத் திரும்பினாள். அவன் ஏற்கெனவே பொந்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அடியில் படுத்துவிட்ட குட்டிகளை அவனும் பார்த்திருந்தான். தனக்கு வரவேண்டிய நல்ல வார்த்தையை அவன் கேட்கவில்லை. பேசாமல் குனிந்து, சுருளியை இடுக்கியில் பூப்போலத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லின் நீருக்குள் இருந்த பக்கத்தில் வைத்தான்.

குட்டிகள் ஓடிவந்து சுருளியின் முதுகில் மொய்த்தன. அந்தக் கூட்டத்தைப் பார்த்து வேலம்மைக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது. ஒரு பக்கம் பயம் வந்தது. எல்லாவற்றையும் இவர்களே சுரண்டிவிட்டால் கல்லுக்கு என்ன மிஞ்சும்?

சுருளி யோசித்தாள். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகின் பாதியைக் கல்லோடு அழுத்திக்கொண்டாள். "இந்தப் பக்கம் கல்லுக்கு. அந்தப் பக்கம் பிள்ளைங்களுக்கு" என்றாள். "நான் வாயை மூடிக்கிட்டுக் கிடக்குறேன். திறந்தா எனக்கே நாக்கு ஊறும்."

அப்படியே கிடந்தாள். வேலம்மை அவளுக்கு வெயில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்து நிழல் கொடுத்தாள். கல்லின் பக்கம் வர ஆசைப்பட்ட குட்டிகளை விலக்கினாள். பசியோடு வருகிற சொந்தப் பிள்ளையை விலக்குவது எப்படி இருக்கும் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் கல்லிடம் குனிந்து, "என்னை மன்னிச்சிருங்க" என்று சொன்னாள். கல் பேசவில்லை. ஆனாலும் சொன்னாள்.

மெல்ல மெல்லச் சுருளியின் ஓடு பட்ட இடத்தில் கல் மங்கியது. பிறகு பழுப்பானது. ஓரம் பச்சையானது. ஒருநாள் வேலம்மை எழுந்து நடந்தபோது கால் சறுக்கியது. அவள் சறுக்கிய இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பிழைத்த குட்டிகள் வந்து அந்த இடத்தைச் சுரண்டத் தொடங்கின. சுருளியும் ஓட்டின் வாசலைத் திறந்து முதல் வாய் தின்றாள்.

இன்னும் கொஞ்ச நாள் போனது. வேலம்மை வழக்கம்போலக் குனிந்து மன்னிப்புக் கேட்டபோது, அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, யார்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க?"

"உங்ககிட்டத்தான். உங்களைத் தேய்க்கச் சொன்னது நான்தான்."

பொடிசுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது. குரல் திரும்பவும் வந்தது.

"நாங்க நத்தையம்மா முதுகிலிருந்து வந்தவங்க. எங்களை நீங்க ஒண்ணும் செய்யலை. உங்ககிட்டப் பேசினவங்க யாரும் எங்க கூட்டத்துல இல்லை, அம்மா."

அவர்கள் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்கள். அது வேலம்மைக்குக் கோபத்தைவிட அதிகமாக வலித்தது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்க இனி வழியே இல்லை. உயிரோடு இருப்பவர்களிடமாவது மறைக்காமல் இருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளுக்குக் கால் முளைத்த சமயம் பச்சைநாயகி மறுபடி வந்தாள். இந்தத் தடவை வேலம்மை யாரையும் ஒளித்து வைக்கவில்லை. கல்லின் நடுவில் சுருளி உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் இடுக்கன் இருந்தான். நாத்தனார் வாய் திறக்கும் முன்னே வேலம்மை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள்.

"வெள்ளம் வரலை, நாயகி. நான்தான் தேய்க்கச் சொன்னேன். கடைசியா ஒரு திட்டு இருந்துச்சு. நீ பக்கத்துல இருக்கும்போதே, அதையும் எடுத்துடச் சொல்லித் தலையாட்டினேன். உன்கிட்ட மானம் போயிடக் கூடாதுன்னு என் பிள்ளைங்க சோத்தை நானே எடுத்தேன்."

பச்சைநாயகி பிள்ளைகளைப் பார்த்தாள். முட்டைக்கூழ் நிறைய இருந்தவர்கள் இப்போது கொஞ்சம்பேர்தான் இருந்தார்கள். அவள் பச்சை முகம் வெளுத்துப்போனது.

"வெள்ளம் வந்தா முதல்ல என் மரத்தடியில வந்துதானே அண்ணி கீழே இறங்கும்?" என்றாள் மெதுவாக. "நீங்க சொன்னப்பவே பொய்யின்னு எனக்குத் தெரியும்."

வேலம்மை நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் ஏன் கேக்கலை?"

"நீங்க வெட்கப்படுவீங்கன்னு விட்டுட்டேன். விருந்தாளியா வந்த இடத்துல எதுக்குன்னு நெனைச்சேன். கேட்டிருந்தா அந்தத் திட்டாவது இருந்திருக்கும்."

வழுக்குகிற அந்தக் கல்லில், சறுக்காமலிருக்க ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் பொடிசுகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாவக் கற்றுக்கொண்டிருந்தன, சறுக்கிச் சறுக்கி.

மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற வெட்கத்தில் நாம் உண்மையை மறைத்தால், அதற்கான தண்டனையை நமக்கு முன்னே, குரல் எழுப்ப முடியாத சின்ன உயிர்கள்தான் அனுபவிக்கும்.